மிச்சம் இருந்த ஒரே படம்

போன பங்குனியில ஆச்சி தவறிட்டாங்க. ஊருக்குப் போற பஸ்ல இருக்கும்போதே சித்தப்பா கூப்பிட்டார். "எய்யா, தீபாவளிக்கு ஆச்சிய நீ நிறைய படம் எடுத்தியே, அதுல நல்லதா ஒண்ணு அனுப்பு. ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுக்கணும்."

கிளவுடைத் திறந்தேன். தீபாவளி வாரமே காலியாக இருந்தது.

நடந்தது இதுதான். ஜனவரியில சிம்போசியம் டெமோவுக்காகப் பெரிய ஆப் ஒண்ணை இன்ஸ்டால் பண்ண வேண்டியிருந்தது. போன்ல இடமில்லை. 'எல்லாம்தான் கிளவுட்ல இருக்கே' என்ற தைரியத்தில் பழைய படங்களை மொத்தமா செலக்ட் பண்ணி டெலீட் கொடுத்தேன். ஏதோ எச்சரிக்கை வந்துச்சு. படிக்காமலே ஓகே அமுக்கினேன். போன்ல மட்டுமில்லை, கிளவுட்லயும் சேர்த்தே அழியும் என்றுதான் அது சொல்லியிருக்கு. ட்ராஷ்ல சில வாரம் கிடந்திருக்கும். நான் தேடிப் போனபோது அந்தக் கெடுவும் முடிஞ்சிருந்தது. யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. அமுக்கினது என் விரல்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறவன் நான். 'சிங்க்' வேற, 'பேக்கப்' வேற என்று எனக்கே தெரியலை. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் அழிச்சா அந்தப் பக்கமும் அழியும். பேக்கப் என்பது இங்கே என்ன நடந்தாலும் அசையாம இருக்கிற இன்னொரு பிரதி.

கடைசியில் கை கொடுத்தது ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப். திண்ணையில உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சபடி ஆச்சி பொக்கை வாயோட சிரிக்கிற படம். அன்னைக்கே அதை அனுப்பியிருந்தேன். ஆனா வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பின படம். ஆறடி ஃப்ளெக்ஸ்ல முகமே கலங்கித் தெரிஞ்சுது. சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டது கொஞ்சம்தான். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன 3-2-1 விதி இருக்கு: மூணு பிரதி, ரெண்டு வகையான சேமிப்பு, ஒண்ணாவது வேற இடத்துல. நம்ம பட்ஜெட்டுக்கு அதை இப்படிச் செய்யலாம். முதல் கிளவுட் கூகுள் போட்டோஸ். இலவசமா 15 ஜிபி, ஆனா ஜிமெயிலும் டிரைவும் அதையேதான் பங்கு போடும். ரெண்டாவது ஒன்டிரைவ், இலவசம் 5 ஜிபிதான், அதனால முக்கியமானதை மட்டும் அங்கே வெச்சிருக்கேன். இது வேற கம்பெனி, வேற பாஸ்வேர்டு. ஒரு பக்கம் தெரியாம அழிச்சாலும், அக்கவுண்ட் லாக் ஆனாலும் இன்னொண்ணு நிக்கும். மூணாவதா, செமஸ்டர் லீவுக்குப் போகும்போதெல்லாம் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. காலேஜ் மெயில் ஐடியில படங்களைக் கொட்டி வைக்காதீங்க. பாஸ் அவுட் ஆனதும் அந்த ஐடி நம்ம கையில இருக்கும்னு நிச்சயமில்லை. அப்புறம், ரெண்டு கிளவுடுக்கும் ஓடிபி ஒரே போனுக்குத்தான் வருதுன்னா, அந்த போன் தொலைஞ்ச அன்னைக்கு ரெண்டுமே பூட்டின வீடு. ரெக்கவரி கோடுகளைப் பேப்பர்ல எழுதி வீட்டுல வையுங்க. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' பத்தி ரெண்டு பக்கம் எழுதினவன் நான். அது என் சட்டைப் பையிலேயே இருந்ததைக் கவனிக்கலை.

இப்போ அந்த வெங்காயப் படம் மூணு இடத்துல இருக்கு. அன்னைக்கே ஒரு வீடியோவும் எடுத்தேன். "போதும்ல, போனை வெச்சிட்டு வந்து சாப்பிடு"ன்னு ஆச்சி அதட்டுற நாலு நொடி. அதை யாருக்கும் அனுப்பலை. அது எங்கயும் இல்லை.