இருவர் அறை, ஒருவர் பயணம்

சொகுசுக் கப்பல்களில் தலைக்கு இவ்வளவு என்றுதான் விளம்பரம் வரும். ஆனால் அந்தக் கணக்கு, ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துப் போட்டது. தனியாக வருபவர் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் பாதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்; சில சமயம் முழுதாக இரண்டு மடங்கு. துணையை இழந்தவருக்கு அந்த ரசீதைப் பார்க்க எப்படி இருக்கும்?

அமெரிக்காவைச் சேர்ந்த பியாட்ரிஸ் முல்லர் 1999-ல் கணவரோடு குயின் எலிசபெத் 2 கப்பலில் உலகம் சுற்றினார். பயணத்தின் நடுவே, கப்பலிலேயே கணவர் இறந்துபோனார். வேறு யாராவது என்றால் அந்தக் கப்பல் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவரோ வீட்டை விற்றுவிட்டு, 2000-ல் அதே கப்பலுக்குக் குடிவந்துவிட்டார்! முதியோர் இல்லத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றும் அதிகமில்லை என்பது அவர் கணக்கு.

தனி வீட்டில் இருந்திருந்தால் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். கப்பலில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. நடனமாட ஜோடி இல்லாத பெண்களுக்காகவே அங்கே ஆண்களை நியமித்திருந்தார்கள்.

2008 நவம்பரில் கப்பல் ஓய்வுபெற்று துபாய் போய்ச் சேர்ந்தது. அந்த வீடும் போயிற்று.

துக்கத்தை மறக்கக் கப்பலேறுகிறார்கள் என்பார்கள். இவர் துக்கம் நடந்த இடத்துக்கே திரும்பிப் போனவர். அவர் கணவர் கடைசியாக இருந்த இடமும் அதுதானே...