மலையிடுக்கில் ஒரு மணி நேரம்

கடல் என்றதும் மணற்கரையும் ஓயாத அலையுமே நம் நினைவுக்கு வரும். நார்வே நாட்டின் மேற்குக் கரையிலோ கடல் மலைகளை ஊடறுத்து, நெடுந்தூரம் உள்ளே சென்று, ஏரியைப்போல் அமைதியாய்க் கிடக்கிறது. பனியூழிக் காலங்களில் மெல்ல நகர்ந்த பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளத்தாக்குகளை ஆழப்படுத்தின. பனி உருகி விலகியபின் அவற்றுள் கடல்நீர் புகுந்தது. இத்தகைய நீர்வழியை ஃபியோர்டு என்பர். அவற்றுள் பேர்பெற்றது, 15 கிலோமீட்டர் நீளமுள்ள கெய்ராங்கர் ஃபியோர்டு. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஓஸ்லோவில் வாழும் மகளும் மருமகனும் வற்புறுத்தவே, ஒரு கோடையில் நாங்கள் இருவரும் அவர்களுடன் அங்குச் சென்றோம். ஹெல்லெசில்ட் என்னும் சிற்றூரில் காரோடு படகேறினோம். கோடை என்பது பெயரளவில்தான். காற்று கம்பளியையும் துளைத்தது. படகு திரும்பி ஃபியோர்டுக்குள் நுழைந்ததும் இருபுறமும் மலைகள் நெருங்கி வந்தன. உச்சியைக் காணக் கழுத்தை முற்றும் பின்னே சாய்க்க வேண்டியிருந்தது. 'ஏழு சகோதரிகள்' என்னும் அருவிகள் வந்ததும் பயணிகள் அனைவரும் ஒரே பக்கத்திற்கு ஓடினர். எண்ணிப் பார்த்தோம், நான்குதான் தென்பட்டன. நீர் குறைந்த நாட்களில் அப்படித்தானாம். எதிர்க்கரையில் வீழும் அருவிக்குப் 'பெண் கேட்டு வந்தவன்' என்று பெயர். ஏழு பேரும் அவனை மறுத்துவிட்டனராம்!

எங்கள் உள்ளத்தைத் தொட்டவை அருவிகள் அல்ல. செங்குத்துப் பாறையின் நடுவே, கழுகுக் கூடுபோல், பழைய பண்ணை வீடுகள் தெரிந்தன. ஸ்காகெஃப்லோ என்னும் பண்ணை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குடும்பங்கள் ஆடு வளர்த்து வாழ்ந்தன. உப்பானாலும் அடுப்பானாலும் படகில் கொணர்ந்து, செங்குத்தான பாதையில் முதுகில் சுமந்தே ஏற்ற வேண்டும். தவழும் குழந்தைகள் விளிம்பில் விழாதபடி இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்களாம். வரி கேட்டு அதிகாரி வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு கதை உண்டு; அது எந்நாட்டிலும் நடக்கக்கூடியதே. 1918இல் அப்பண்ணை கைவிடப்பட்டது. 1993இல் அந்நாட்டு அரசர் ஹரால்டும் அரசி சோனியாவும் தங்கள் மணவாழ்வின் வெள்ளிவிழாவை அரண்மனையை விட்டு அங்கே வந்து கொண்டாடினர். அத்தேர்வு எங்களுக்கு மிகவும் பிடித்தது. அருவிகளின் அருகிலுள்ள க்னிவ்ஸ்ஃப்லோ பண்ணையின் மக்களோ, தலைக்குமேல் தொங்கிய பாறைக்கு அஞ்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெளியேறிவிட்டனர்.

அவ்வச்சம் வீணன்று. அண்மையிலுள்ள தாஃபியோர்டில் 1934 ஏப்ரல் 7 அன்று, ஊர் உறங்கும் வேளையில், மலைப்பாறை பிளந்து நீரில் விழுந்தது. எழுந்த பேரலையில் 40 பேர் மாண்டனர். கெய்ராங்கர் ஃபியோர்டின் வாயிலுக்குச் சற்று வடக்கே ஓகெர்னெசெட் என்னும் மலைச்சரிவில் இன்றும் ஒரு நீண்ட பிளவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் விரிந்து வருகிறது. கோடிக்கணக்கான கன மீட்டர் பாறை அதில் நிற்கிறது. கருவிகள் அதனை இரவும் பகலும் அளக்கின்றன. பாறை சரியுமுன் மக்களை வெளியேற்ற எச்சரிக்கை ஏற்பாடும் உண்டு. இதை மருமகன் சொல்லக் கேட்டபின், அந்தத் தெளிந்த நீரை எங்களால் முன்போல் பார்க்க முடியவில்லை.

கெய்ராங்கரில் படகு நின்றது. மருமகன் கூறிய அலை வருமானால் முதலில் தாக்கக்கூடிய கரையோரத்தில், முதியவர் ஒருவர் தம் வீட்டுச் சன்னலுக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு சிறுமிகள் மிதிவண்டி ஓட்டினர். எங்களைக் கண்டு கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம்.