மோட்டார் போகவில்லை



போன மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் சிலர், "என்ன சார், இந்தத் தடவை அம்மா கையால காபி இல்லையா?" என்று கேட்டீர்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நான்கு வருடமாகக் கைநடுக்கம். ஒரு நாள் பில்டரிலிருந்து டிகாக்‌ஷன் ஊற்றும்போது கொட்டி, புறங்கை முழுக்கக் கொப்புளம். அதன் பிறகுதான் மகள் தானியங்கி காபி மிஷின் வாங்கிக் கொடுத்தாள். கொட்டையைப் போட்டு, பால் குடுவையை மாட்டி, ஒரு பட்டனை அமுக்கினால் போதும். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யார் வந்தாலும் "இருங்க, நானே காபி போட்டுத் தர்றேன்" என்று அம்மா எழுந்து போகும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சமையலறையில் அவள் தனியாகச் செய்ய முடிகிற ஒரே வேலை அது.

ஒரு காலை அது நின்றுபோனது. கொட்டை அரைபடும் சத்தம் வந்தது, பிறகு "டக், டக்" என்று இரண்டு முறை, அப்புறம் சிவப்பு விளக்கு. நான் ஹாலிலிருந்தே, "என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினேன். "எப்பவும் போலத்தாங்க அமுக்கினேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் மிஷின் பக்கமே போகவில்லை.

பழுது பார்ப்பவர்களிடம் போனில் சொன்னேன். திறந்து பார்க்காமலே, "மோட்டார் போயிருக்கும், மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். நானும் நம்பினேன். 34 வருடம் இயற்பியல் நடத்தியவன். பிளெமிங்கின் இடக்கை விதியை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு விரல் மடக்கிச் சொல்லியிருப்பேன்! ஆனால் என் கையால் ஒரு மோட்டாரைக் கழற்றியது கிடையாது.

கடைசியில் பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். 1991-ல் பத்தாம் வகுப்பு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கோடையில் லோ வோல்டேஜில் எரியும் போர் மோட்டார்களே அவனுக்கு நாளெல்லாம் வேலை. ஞாயிறு சாயங்காலம் மல்டிமீட்டரோடு வந்தான். முதல் கேள்வி: "உள்ள மூணு இருக்கு சார். எது போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவன்தான் விளக்கினான். கொட்டை அரைப்பது ஒரு மோட்டார். அரைத்த தூளை அமுக்கி, காபி இறங்கிய பிறகு சக்கையைத் தள்ளிவிடும் பெட்டியை நகர்த்துவது இன்னொன்று. பல் சக்கரங்களோடு சேர்ந்த சின்ன டி.சி. மோட்டார் அது. மூன்றாவது தண்ணீர் பம்ப். அது சுழல்வதே இல்லை. சுருளுக்குள் ஒரு பிஸ்டன் நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அடிக்கிறது. "அரைக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா அது நல்லாத்தான் இருக்கு. டக் டக்னு நின்னதுன்னா பெட்டி மோட்டார் பக்கம்தான் பார்க்கணும்" என்றான்.

பிளக்கைப் பிடுங்கினான். சிறிது நேரம் பொறுத்துத்தான் பின்பக்க மூடியைக் கழற்றினான். அந்த மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் பிரித்து, மீட்டரை ஓமில் வைத்து, அச்சைக் கையால் மெதுவாகத் திருப்பினான். ஒவ்வொரு நிலையிலும் ஒரு அளவு காட்டியது, எங்கும் அறுந்துபோகவில்லை. "காயிலும் பிரஷ்ஷும் சரியா இருக்கு சார்." பிறகு கொண்டுவந்த 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் காட்டினான். மோட்டார் ஜம்மென்று சுற்றியது.

"மோட்டார் போகல சார். சுத்த விடாம ஏதோ பிடிச்சிருக்கு."

இந்த இடத்தில் உங்கள் வாத்தியாருக்கு விழிப்பு வந்தது. ஓடுகிற மோட்டார் தனக்குள்ளேயே ஒரு எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கும், அதுதான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். மோட்டாரைப் பிடித்து நிறுத்தினால் அந்த விசை இல்லை. 24 வோல்ட், சுருளின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2.4 ஆம்பியர் முழுதாகப் பாயும். அதைக் கண்டதும் உள்ளிருக்கும் போர்டு காப்பாற்றுவதற்காக நிறுத்திவிடுகிறது. சிவப்பு விளக்கு மோட்டாருக்குச் சாவு மணி இல்லை, "என்னால் முடியவில்லை" என்ற குரல்.

பெட்டியை வெளியே எடுத்தான். காடிகளிலெல்லாம் கருப்பாக, அல்வா மாதிரி ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தான். "சிக்கரி சார்."

காபிக் கொட்டை மட்டும்தானே போடுகிறோம்? திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் நின்ற அம்மா மெல்லச் சொன்னாள்: "நீங்கதானே, இது காபியா கஷாயமா, சிக்கரி இல்லாம காபியே இல்லன்னீங்க. தூள் போடற வாயில தினம் ஒரு ஸ்பூன் போட்டேன்."

சிக்கரி காபியே அல்ல, ஒரு செடியின் வேரை வறுத்த தூள். நம் ஊர் காபித் தூளில் சட்டப்படி 49 சதவீதம் வரை அது இருக்கலாம். ஈரம் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். எவர்சில்வர் பில்டரில் அதனால் பாதகமில்லை. நகரும் பாகங்கள் உள்ள மிஷினில் பசையாகிவிடும். ஆக, குற்றவாளி நான். நான் முணுமுணுத்ததற்காக அவள் நடுங்கும் கையால் தினமும் ஸ்பூன் பிடித்திருக்கிறாள். பழியும் அவளுக்கே.

பெட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பு போடாமல், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். இரவு முழுக்கக் காயவைத்து, மறுநாள் காடிகளில் உணவுப் பொருள் படும் இடத்துக்கான சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினான். பிளக் போட்டதும் பெட்டி மேலே போய்க் கீழே வந்து தன் இடத்தில் நின்றது. பச்சை விளக்கு.

போகும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "ஞாபகம் இருக்கா சார்? லேப்ல மாதிரி மோட்டார் சுத்தல. யார்றா தொட்டதுன்னீங்க. பக்கத்துல நின்னேன்னு என்னை பீரியட் முழுக்க வெளிய நிக்க வச்சீங்க. அன்னைக்கு பிரஷ் தேஞ்சு கம்யூடேட்டரைத் தொடல சார். அதைச் சொல்லத்தான் கிட்ட வந்தேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது. பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் யார் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகவே இருந்திருக்கிறது. வாசலில் வைத்தே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அன்னைக்கு வெளிய நின்னதாலதான் வைண்டிங் கடை வச்சேன்" என்று கேலி செய்தான். வகுப்பு வாசலில் நின்ற மற்ற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்களிடமும் கேட்கிறேன்.

அம்மாவிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. 44 வருடத்தில் பழக்கமில்லாத காரியம். "தப்பு என் மேலதான்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பட்டனை அமுக்கினாள்.

இப்போது மிஷினில் பீபெரி கொட்டை மட்டும்தான். வாரம் ஒரு தடவை பெட்டியைக் கழுவுவது என் வேலை. சிக்கரி நாக்கு கேட்டால், ஞாயிற்றுக்கிழமை நானே எவர்சில்வர் பில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கிறேன். சுமார்தான் என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி மிஷின் இருந்தால் தூள் போடும் வாயில் சிக்கரி கலந்த தூளைப் போடாதீர்கள். நின்றுவிட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். யாரையும் கத்தாதீர்கள்.

அம்பத்தூர் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். அம்மா காபி போட்டுத் தருவாள்.