கரண்ட் வைக்கணுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. போன வருஷம் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், குதிகாலில் நெருஞ்சி முள் ஏறினாற்போல வலி. தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. "அருவியில காலைக் காட்டுடே, அந்த அடியில சரியாயிரும்" என்றார் அண்ணன். காட்டினேன். வழுக்கி விழாமல் வந்ததே மிச்சம்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் 'ஷாக் வேவ்' என்று எழுதிக் கொடுத்தார். "இந்த வயசுல கரண்ட் வைக்கணுமா?" என்று மனைவி அழவே தொடங்கிவிட்டாள். உண்மையில் இதில் உடம்புக்குள் மின்சாரமே பாய்வதில்லை. வெடி வெடித்தால் ஜன்னல் அதிர்கிறதே, அது மாதிரியான அழுத்த அலைதான். நம் சதையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அலை அதைக் கடந்து போய்விடும். கெட்டியான கல்லில் மோதும்போதுதான் வேலையைக் காட்டும்.

முதலில் இது வந்ததும் சிறுநீரகக் கல்லுக்குத்தான். அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று டோர்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி ஆராயப்போய்ப் பிறந்த வைத்தியம். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கத்தி படாமல் கல்லை உடைத்தார்கள். அதற்கு இரண்டே வருஷம் முன்னால்தான், இதே கல்லுக்காக அண்ணனின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தார்கள். அருவிக்கரையில் அவர் சட்டையைக் கழற்றும்போதெல்லாம் அந்தத் தழும்பில்தான் என் கண் போகும்.

கல்லை உடைக்கிற அலை என் காலை உடைக்காதா? குதிகாலுக்கு வைப்பது வலு குறைந்தது. நைந்துபோன சவ்வைச் சீண்டிவிட்டு, உடம்பே அதைப் பழுது பார்க்கும்படி தூண்டுவது என்கிறார்கள். கூடாமல் நிற்கும் எலும்பு முறிவுக்கும், சுண்ணாம்பு படிந்த தோள்பட்டைக்கும்கூட இதை வைப்பதுண்டு.

வாரம் ஒன்றாக மூன்று தடவை. ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார்கள். தையல் மிஷின் ஓடுகிற சத்தம். வலிக்காது என்று சொல்லமாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தேன். மூன்றும் முடிந்தும் ஒன்றும் குறையவில்லை. பணம் போச்சே என்றிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தெருமுனை வரை போய்ப் பால் வாங்கி வந்த பிறகுதான் வலி இல்லாததே நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் இப்படிக் கேட்கும் என்றில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த ஆனியில் அண்ணனும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். தழும்புப் பக்கத்தைத் தண்ணீருக்குக் காட்டியபடியே, "நான் அப்பமே சொன்னேம்லா, அருவித் தண்ணி கேக்கும்னு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.