சிங்கப்பூர்: தீனி மாறுச்சு... நெருப்பு மாறல!

சிங்கப்பூர்னதும் மெர்லயன், முஸ்தஃபா, சென்டோசானு லிஸ்ட் போடுவீங்க. செமஸ்டர் லீவுல சித்தப்பா வீட்டுக்குப் போன நான், முதல்ல பார்க்கக் கேட்டது ஒரு பவர் ஸ்டேஷனை. ''இதைப் பார்க்கவா பிளேன் ஏறி வந்தே?''னு சித்தி சிரிச்சாங்க. எலெக்ட்ரிகல் படிக்கிறவனுக்கு அதுதானே கோயில்!

ஹார்பர்ஃப்ரன்ட் எம்.ஆர்.டி. ஸ்டேஷன்ல இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தா, செங்கல் கட்டடம் ஒண்ணு கம்பீரமா நிக்குது. செயின்ட் ஜேம்ஸ் பவர் ஸ்டேஷன். 1927-ல் தொடங்கி, நிலக்கரியை எரிச்சு ஊருக்கே வெளிச்சம் கொடுத்த இடம். 1976-ல் ரிட்டயர் ஆச்சு. 2006-ல் இதுக்குள்ளே நைட் கிளப் வந்தது. 2009-ல் தேசிய நினைவுச் சின்னம். 2022-லேருந்து டைசன் கம்பெனியின் தலைமையகம். மெஷின் ஓடின ஹால்ல இன்னிக்கு லேப்டாப்!

சரி, அந்த லேப்டாப்புக்கு கரன்ட் எங்கேருந்து வருது? அதுக்குத் தீவின் ஓரத்துக்குப் போகணும். வடக்கே செனோக்கோ, மேற்கே துவாஸ், தெற்கே ஜூராங் தீவு. ஜூராங் தீவுக்குள்ளே பாஸ் இல்லாம நுழைய முடியாது. நானும் தூரத்துலேருந்து எட்டிப் பார்த்ததோட சரி.

நிலக்கரிக்குப் பிறகு இங்கே எண்ணெய் ராஜ்யம். 2000 வாக்கில்கூட மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கேஸில் தயாரானது. மீதி பெரும்பாலும் ஃபர்னஸ் ஆயில். அப்புறம் இந்தோனேசியாவிலேருந்து 2001-லும் 2003-லும் புது பைப்லைன்கள் வந்தன. இன்னிக்கு கேஸின் பங்கு சுமார் 95 சதவிகிதம்!

ஏன் இவ்வளவு வேகம்? நம்ம தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல வர்ற அதே கம்பைண்டு சைக்கிள்தான். கேஸ் எரிஞ்சு ஒரு டர்பைனைச் சுத்தும். வெளியே வர்ற சூடான புகை, தண்ணியை ஆவியாக்கி இன்னொரு டர்பைனைச் சுத்தும். ஒரே எரிபொருள், ரெண்டு வேலை. பழைய எண்ணெய் பிளான்ட்டைவிட, ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் கார்பன் ரொம்பக் குறைவு.

சபாஷ்னு கை தட்டலாம். ஆனா, இந்த வித்தையை ஒரு தடவைதான் காட்ட முடியும் பாஸ்! 95-ஐத் தொட்டாச்சு, இனி மாத்த எண்ணெய் மிச்சமில்லை. தேவை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. 2005-ல் சுமார் 3,800 கோடி யூனிட் தயாரிச்ச தீவு, 2023-ல் தயாரிச்சது சுமார் 5,700 கோடி யூனிட்.

இன்னொரு சிக்கல்... கேஸ் மொத்தமும் வெளிநாட்டுச் சரக்கு. 2004 ஜூன் 29-ம் தேதி ராத்திரி, இந்தோனேசிய கேஸ் வரத்து தடைபட்டதும், சுமார் 30 சதவிகித வாடிக்கையாளர்கள் இருட்டுல உட்கார்ந்தாங்க. அதனால, எந்த நாட்டிலேருந்தும் கப்பல்ல வாங்குற மாதிரி 2013-ல் எல்.என்.ஜி. முனையம் திறந்தாங்க. ஆனா, 2021 கடைசியில் உலகச் சந்தையில் கேஸ் விலை எகிறினப்ப, மின்சாரம் விற்ற சில கம்பெனிகள் கடையையே சாத்திட்டுப் போயிடுச்சு.

'சோலார் போட வேண்டியதுதானே?'ங்கறீங்களா? நானும் அதைத்தான் கேட்டேன். மொத்த நாடே சுமார் 735 சதுர கிலோமீட்டர். அணை கட்ட பெரிய ஆறில்லை, விசிறி சுத்த வேகமான காத்தில்லை. இடம் இல்லாம தெங்கே நீர்த்தேக்கத்துல பேனலை மிதக்கவிட்டிருக்காங்க. 1,22,000 பேனல், 60 மெகாவாட், 2021-ல் திறந்தது. பார்க்க பிரமாதம்! ஆனா, சுமார் 400 மெகாவாட் தர்ற ஒரு கேஸ் யூனிட் ராத்திரியும் ஓடும். இது வெயிலுக்கு மட்டும்.

அதனாலதான் 2022-லேருந்து லாவோஸ் நீர்மின்சாரத்தை தாய்லாந்து, மலேசியா வழியா வாங்கிப் பார்க்கத் தொடங்கினாங்க. தொடக்கத்தில் அளவு 100 மெகாவாட். கார்பன் வரியும் 2019-ல் டன்னுக்கு 5 டாலராக இருந்தது, 2024-ல் 25 ஆச்சு.

2050-க்குள் நிகரக் கார்பன் பூஜ்ஜியம்னு அந்த நாடு சொல்லியிருக்கு. அப்போ நமக்கு நாற்பத்தஞ்சு வயசு சுமாருக்கு இருக்கும். இடமே இல்லாத ஊருக்கு, ராத்திரியும் எரியற சுத்தமான கரன்ட் எப்படி? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கலைனு கேன்டீன்ல புலம்புற மக்களே... இந்தாங்க, புடிங்க!