யாருடைய பேச்சு காற்றில் ஏறும்?

ஜஹீராபாத்துக்குப் பக்கத்தில் மச்னூர் என்றொரு சிற்றூர். இன்று தெலங்கானாவில் இருக்கிறது. 2008இல் ஆந்திரத்தின் மேடக் மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் சங்கம் ரேடியோ அங்கிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் தலித் பெண்கள். முன்னின்ற இருவருக்கும் ஒரே பெயர்: நரசம்மா.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பொதுமக்கள் என்ற கணக்கில் கூலிக்காரப் பெண்கள் வந்து சேர மேலும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. சமுதாய வானொலிக்கான அனுமதி முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் கிடைத்தது. 2006இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. மச்னூரில் ஒலிப்பதிவுக் கூடம் அதற்கு முன்பே தயார், உரிமம்தான் இல்லை. அதற்காகப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பேசியதையும் பாடியதையும் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள்.

என்ன பேசினார்கள்? சோளம், தினை, விதையை எப்படிக் காப்பது, எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை. வயலிலும் அடுப்படியிலும் பெண்கள் சேர்த்து வைத்த அறிவு இது. வேளாண் அதிகாரியின் வாயிலிருந்து வந்தால் 'ஆலோசனை', கிழவியின் வாயிலிருந்து வந்தால் 'வெட்டிப் பேச்சு' என்றிருந்த நிலையை ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் கொஞ்சம் அசைத்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அவர்களுடைய தெலுங்கு. தெலங்கானாப் பேச்சைச் சினிமாவில் வில்லனுக்கும் கோமாளிக்கும் கொடுத்து வைத்திருந்த காலம் உண்டு. அதே பேச்சில், யாரிடமும் உச்சரிப்புச் சான்றிதழ் வாங்காமல், அவர்கள் மைக் முன் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு குரல் தேர்வில் "ஊர் வாடை அடிக்குது" என்ற பதில் கிடைத்திருக்கிறது. அந்த வாடை சாதியின், வேலையின், அம்மாவின் வாடை என்பது சொன்னவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெற்றிக் கதை என்று இதை முடித்துவிட முடியாது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப விதி இடம் தருவதில்லை. ஆகாசவாணியின் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். விதையைப் பற்றி அவள் பேசலாம், பாட்டுப் பாடலாம். ஊரில் நேற்று என்ன நடந்தது என்று செய்தியாகச் சொல்ல மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. பெண்களின் அறிவை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் அரசு, அவர்களுடைய சாட்சியத்தைக் கண்டு இன்னும் பயப்படுகிறது.