கேளாத பாதி

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கைச் சார்ந்த அன்னையார் ஒருவர் களைப்பும் முதுகுவலியும் வாட்டுவதாகச் சொன்னார். “வேலை மிகுதிதான் அம்மா, ஓய்வெடுங்கள்” என்று அனுப்பிவிட்டோம். அது மாரடைப்பென்று மருத்துவமனையில் தெரிந்தது. இறையருளால் பிழைத்துக்கொண்டார்.

நெஞ்சைப் பிடித்துச் சாயும் ஆணின் உருவமே மாரடைப்பாக நம் மனத்தில் பதிந்திருந்தது. ஆய்வுலகமும் இவ்வாறு ஆணையே அளவுகோலாகக் கொண்டதுண்டு. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் ஆய்ந்தனர், அனைவரும் ஆண்களே. முதல் மாரடைப்பு வெகுவாகக் குறைவதாக 1989-இல் முடிவு வெளியாயிற்று. பின்னர் ஏறத்தாழ 40,000 பெண்களிடம் ஆய்ந்து 2005-இல் கண்ட விடையோ வேறு: பக்கவாதம் குறைந்தது; மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை.

அன்பர்களே, பாதிப் பேரைக் கேளாமல் பெற்ற விடை அனைவருக்கும் பொருந்தாது. இப்போது பெண்ணொருவர் ‘களைப்பு’ என்றால், நாமே காரணம் கற்பிக்காமல் மேலும் கேட்கிறோம், மருத்துவரிடம் அனுப்புகிறோம்.